பக்கத்து மேசைக்காரர் தொடங்கிவிட்டார், உங்களுக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். வகுப்பில் ஒரு தலைப்புக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் கோடு போட ஆரம்பித்துவிடுகிறார். உங்களுக்கு அரை மணி நேரமானாலும் தாள் வெள்ளையாகவே கிடக்கிறது. இரவு படுத்த பிறகுதான் ஏதோ தோன்றுகிறது. படைப்பாற்றல் பிறவியிலேயே வருவதா, வலது மூளைக்காரர்களுக்கு மட்டும் வாய்ப்பதா, பயிற்சியால் வளர்த்துக்கொள்ள முடியுமா, கலைஞர்களுக்கும் மனநோய்க்கும் தொடர்பு என்கிறார்களே, அது உண்மையா? நான் உளவியல் படித்து, அதையே கற்பிக்கிறவன்; தூரிகை பிடித்தவன் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துப் பதில் சொல்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் தொடங்குகிறவரைப் பார்த்து ஏங்க வேண்டாம். அப்படிப்பட்டவர்களைப் பற்றியே ஒரு நல்ல பழைய ஆய்வு இருக்கிறது.

1960களில் சிகாகோவில் ஜேக்கப் கெட்ஸெல்ஸ், மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற இரண்டு உளவியலாளர்கள், அங்கிருந்த ஓவியப் பள்ளியின் மாணவர்கள் 31 பேரை ஒவ்வொருவராக ஓர் அறைக்கு அழைத்தார்கள். அறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் 27 பொருட்கள்: வெல்வெட் தொப்பி, பித்தளை ஊதுகொம்பு, பழைய புத்தகம், கண்ணாடிப் பட்டகம், திராட்சைக் கொத்து, இப்படி. இன்னொரு மேசை காலி. ‘உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக் காலி மேசையில் அடுக்கிக்கொள்ளுங்கள், அதை வைத்து உங்களுக்குத் திருப்தி தருகிற ஒரு படம் வரையுங்கள், நேரக்கட்டுப்பாடு இல்லை’ என்று சொல்லிவிட்டுக் கவனித்தார்கள்.

அவர்கள் கவனித்தது, படம் எவ்வளவு அழகு என்பதை அல்ல. பென்சிலைத் தொடுவதற்கு முன் என்ன நடக்கிறது என்பதை. சிலர் இரண்டு மூன்று பொருட்களை எடுத்து வைத்தார்கள், உட்கார்ந்தார்கள், வரைந்தார்கள். வேறு சிலர் பத்துப் பதினைந்தை எடுத்துப் பார்த்தார்கள். தொப்பியைத் திருப்பிப் பார்த்தார்கள், பட்டகத்தை வெளிச்சத்தில் பிடித்தார்கள், புத்தகத்தைத் திறந்தார்கள், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்கள். வரைய உட்கார்ந்த பிறகும் அந்தக் கலைப்பு நிற்கவில்லை. பாதிப் படத்தில் எழுந்துபோய்ப் பொருளை மாற்றினார்கள், தாளையே மாற்றினார்கள். இது என்ன படமாகப் போகிறது என்று பார்ப்பவருக்குப் பிடிபட வெகுநேரம் ஆயிற்று.

படங்களைப் பெயர் சொல்லாமல் ஓவியர்களிடமும் ஆசிரியர்களிடமும் கொடுத்து மதிப்பிடச் சொன்னபோது, நிறையத் தொட்டுப் பார்த்து, நிறையக் கலைத்தவர்களின் படங்களுக்கே அசல் தன்மை அதிகம் என்று பொதுவாக வந்தது. கைத்திறனுக்குக் கொடுத்த மதிப்பெண்ணோடு அந்தத் தொடர்பு அவ்வளவு இல்லை. சுமார் ஏழு ஆண்டு கழித்து அந்த மாணவர்களைத் தேடிப் பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் ஓவியத்தை விட்டே போயிருந்தார்கள். அந்த அறையில் கலைத்துக்கொண்டே இருந்தவர்கள்தான் ஓவியராக நிலைப்பதிலும் கொஞ்சம் முன்னால் நின்றார்கள். 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, எல்லோரும் ஆண்கள். அதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் அந்த ஆய்வு கேட்ட கேள்வி முக்கியமானது. கொடுத்த சிக்கலைத் தீர்ப்பது ஒரு திறமை, எந்தச் சிக்கலைத் தீர்க்கப் போகிறோம் என்று தேடுவது இன்னொரு திறமை. பள்ளிக்கூடம் நம் எல்லோருக்கும் முதலாவதைத்தான் பழக்குகிறது.

ஒன்றைக் கவனியுங்கள், இது உங்களுக்காகவே சொல்வது. அந்த மாணவர்கள் தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டு தாமதிக்கவில்லை. அவர்கள் கை ஓயவே இல்லை. முடிவெடுப்பதை மட்டும்தான் தள்ளிப்போட்டார்கள், வேலையைத் தள்ளிப்போடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் நீங்களும் அவர்களும் ‘இன்னும் ஆரம்பிக்காதவர்கள்’தான். உள்ளே நடப்பது வேறு. இந்தப் பதிலில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்த வித்தியாசத்தைச் சுற்றித்தான்.

ஒரு படைப்பு எப்படி உருவாகிறது என்று ஊகிக்காமல் பார்க்க வேண்டுமென்றால், அதற்குப் பிக்காசோவின் ‘குவெர்னிக்கா’ போல ஆவணம் நிறைந்த ஓவியம் அரிது. 1937 ஜனவரியில் ஸ்பெயின் குடியரசு அரசு, பாரிஸ் உலகக் கண்காட்சியில் தன் அரங்குக்கு ஒரு பெரிய சுவரோவியம் வரைந்து தரும்படி அவரிடம் கேட்டது. உலகமே அறிந்த ஓவியர், வயது 55. மாதங்கள் ஓடின, உருப்படியாக ஒன்றும் வரவில்லை. ஏப்ரல் நடுவில் ஓவியனும் மாடலும் ஓவியக்கூடமும் என்று சில வரைவுகள் போட்டுப் பார்த்தார். பிக்காசோவுக்கே தாள் பல மாதம் வெள்ளையாகக் கிடந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 26 அன்று ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் வட ஸ்பெயினில் பாஸ்க் மக்கள் வாழும் குவெர்னிக்கா என்ற ஊரைக் குண்டுவீசி அழித்தன. மே 1 அன்று பிக்காசோ உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் போட்ட வரைவுகளில் 45 தேதியோடு நமக்குக் கிடைத்திருக்கின்றன. மே 11 வாக்கில் பெரிய திரைச்சீலையில் வேலை தொடங்கியது. அவருடைய தோழியும் புகைப்படக் கலைஞருமான டோரா மார், அந்தத் திரைச்சீலை மாறிவந்த ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைத்தார். ஜூன் தொடக்கத்தில் ஓவியம் முடிந்தது. அகலம் 7.77 மீட்டர், உயரம் 3.49 மீட்டர்.

முதல் நாள் வரைவிலேயே காளை இருக்கிறது, குதிரை இருக்கிறது, சன்னலிலிருந்து விளக்கை நீட்டும் பெண் இருக்கிறாள். இதைப் பார்த்துவிட்டு ‘பார்த்தீர்களா, மின்னலடித்தது போல ஒரே நாளில் வந்துவிட்டது’ என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், 1935இல் அவர் செய்த ‘மினோட்டோரோமாக்கி’ என்ற செதுக்கோவியம். அதில் காளைத்தலை மனிதன், காயம்பட்ட குதிரை, வாள், கையில் மெழுகுவத்தி ஏந்திய சிறுமி, மேலே சன்னலில் நின்று பார்க்கும் பெண்கள் எல்லோரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். காளையும் குதிரையும் அவர் பல ஆண்டு வரைந்து வரைந்து கைக்குப் பழகியவை. படைப்புச் சிந்தனையை ஆராய்ந்த ராபர்ட் வைஸ்பெர்க் இந்தச் சேமிப்பைத்தான் அழுத்திச் சொன்னார்: பிக்காசோ ஒன்றுமில்லாததிலிருந்து எடுக்கவில்லை, தன் கிடங்கிலிருந்து எடுத்தார்.

அப்படியென்றால் புதுமை எங்கே வந்தது? டோரா மாரின் படங்களைப் பாருங்கள். ஆரம்பத்தில் நடுவே விழுந்து கிடக்கும் வீரனின் கை மேலே உயர்ந்து, முஷ்டி மடக்கி நிற்கிறது. அந்தக் கால இடதுசாரிகளின் வணக்கம் அது. எல்லோருக்கும் புரியும், அரசுக்கும் பிடித்திருக்கும். அடுத்த கட்டத்தில் அந்த முஷ்டியில் தானியக் கதிர்கள் வருகின்றன, பின்னால் பெரிய சூரியன். அதற்கடுத்த கட்டத்தில் கையையே காணோம். சூரியன் நசுங்கி ஒரு கண் வடிவமாகிறது. கடைசியில் அதற்குள் ஒரு மின்விளக்குக் குமிழ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தரையில் தாழ்ந்து கிடந்த குதிரையின் தலை நிமிர்ந்து அலறுகிறது. காளையின் உடல் திரும்புகிறது. சுவர்க் காகிதத் துண்டுகளை ஒட்டிப் பார்த்தார், கிழித்துவிட்டார்.

உயர்ந்த முஷ்டி மோசமான யோசனை இல்லை. நல்ல யோசனைதான், உடனே கைதட்டல் வாங்கியிருக்கும். அது போன பிறகுதான் ஓவியம் ஒரு கட்சியின் சுவரொட்டியாக நிற்காமல், எந்த ஊரில் குண்டு விழுந்தாலும் நினைவுக்கு வருகிற ஒன்றாக ஆயிற்று. கதிர் வந்தது, சூரியன் வந்தது, எதிலும் அவர் உட்கார்ந்துவிடவில்லை. இந்த வரைவுகள் படிப்படியாக முடிவை நோக்கி நேர்க்கோட்டில் போயினவா, இல்லை குருட்டாம்போக்கில் அலைந்தனவா என்று வைஸ்பெர்க்குக்கும் டீன் சைமன்டன் என்ற இன்னொரு உளவியலாளருக்கும் நீண்ட விவாதமே நடந்தது. சைமன்டன், முன்னால் போட்ட வரைவு இறுதி ஓவியத்துக்கு நெருக்கமாகவும் பின்னால் போட்டது தூரமாகவும் இருக்கிற இடங்களைக் காட்டினார். நான் இருவருக்கும் பாதிப் பாதி கொடுப்பேன். எலும்புக்கூடு சேமிப்பிலிருந்து வந்தது. சதை அலைந்து திரிந்து வந்தது.

இப்போது, முதலில் தோன்றுவதில் மனம் ஏன் இவ்வளவு சீக்கிரம் உட்கார்ந்துவிடுகிறது என்று பார்க்கலாம். 1994இல் தாமஸ் வார்ட் என்பவர் மாணவர்களிடம், பூமியோடு தொடர்பே இல்லாத வேறொரு கோளில் வாழும் விலங்கைக் கற்பனை செய்து வரையுங்கள் என்றார். எந்தக் கட்டுப்பாடும் இல்லை. வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இடமும் வலமும் ஒத்த உடல், கண்கள், கால்கள். கொஞ்சம் வால் நீட்டிய நாய்கள், கூடுதலாகக் கை முளைத்த மனிதர்கள். கட்டவிழ்த்துவிட்டாலும் கற்பனை பழகிய தெருவிலேயே நடக்கிறது.

நமக்கு இதற்கு வார்டின் ஆய்வு தேவையில்லை. தமிழ்நாட்டில் எந்தத் தொடக்கப்பள்ளியில் ‘இயற்கைக் காட்சி’ வரையச் சொன்னாலும் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலு கோடு பறவைகள். திருவாரூர்ப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து மலையைக் கண்ணால் பார்த்திருக்காது, அதன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிவது வயலும் வாய்க்காலும். இதைச் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சொல்லைக் கேட்டதும் மனம் கைக்கெட்டும் முதல் மாதிரியை எடுத்துத் தருகிறது. அன்றாட வாழ்க்கைக்கு அது மிகவும் வசதி. ஓவியத்துக்கு மட்டும்தான் இடைஞ்சல்.

பொறியாளர்களும் தப்பவில்லை. 1991இல் வெளியான ஓர் ஆய்வில், சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். உறிஞ்சுகுழல் வைத்த ஒரு மாதிரியைக் காட்டி, ‘குழல் மட்டும் வேண்டாம்’ என்றும் எச்சரித்தார்கள். மாதிரியைப் பார்த்தவர்களின் வரைபடங்களில் குழல் வந்துகொண்டே இருந்தது. மாதிரியே காட்டப்படாதவர்களிடம் அந்தத் தொல்லை குறைவு. தலைப்புக் கொடுத்த மறுநிமிடம் செல்போனில், மற்றவர்களின் படங்கள் குவிந்திருக்கும் பின்ட்ரெஸ்ட்டைத் திறக்கும் பழக்கம் உங்கள் வகுப்பில் இருக்கிறதா? இருந்தால் இதுதான் அதன் விலை. பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் கையால் பத்து வரைவு போட்ட பிறகு பாருங்கள்.

இதிலிருந்து தப்ப வார்டும் அவருடன் வேலை செய்தவர்களும் பின்னால் ஒரு வழி கண்டார்கள். ‘விலங்கு’ என்று நினைக்காமல், அது எப்படிச் சாப்பிடும், எதற்குப் பயப்படும், எதன் மீது நகரும் என்று எந்த உருவத்தையும் நினைவூட்டாத கேள்விகளிலிருந்து தொடங்கச் சொன்னபோது, வந்த உயிரினங்களில் புதுமை கூடியது. ‘மழை’ என்று தலைப்பு வந்தால் குடையும் காகிதக் கப்பலும் வரிசையில் வந்து நிற்கும். மழை என்ன செய்கிறது என்று கேளுங்கள். இரண்டு பேர் பேச்சைப் பாதியில் நிறுத்துகிறது, அறிமுகமில்லாதவர்களை ஒரே தாழ்வாரத்தில் தோளுரச நிற்கவைக்கிறது, துணியைக் காயவிடாமல் வீட்டுக்குள் கொடி கட்ட வைக்கிறது. இங்கிருந்து தொடங்கினால் குடை தானாகவே பின்வரிசைக்குப் போய்விடும்.

கட்டுப்பாடு உதவுவதும் இதே காரணத்தால்தான். முழுச் சுதந்திரம் கொடுத்தால் மனம் பழகிய தெருவுக்குப் போகும். அந்தத் தெருவை அடைத்தால்தான் சந்து பொந்துகளைத் தேடும். ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் பழைய வழக்கம், புலவரைத் திணறடிக்கும் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். தளை தட்டக் கூடாது, எதுகை வர வேண்டும், கடைசி அடி இதுதான் என்று வழிகளை அடைத்த பிறகு மிஞ்சுகிற வழி, புலவரே எதிர்பார்க்காத இடத்துக்கு அவரைக் கொண்டுபோகும். உங்களுக்கும் ‘என்ன வேண்டுமானாலும் வரையலாம்’ என்பதுதான் மிகக் கொடுமையான தலைப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் தோன்றுவது பொதுவாகச் சுமார் ரகம் என்பதற்கு இன்னொரு சான்று. ஜே. பி. கில்ஃபோர்ட் 1950இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராகப் பேசும்போது, 23 ஆண்டில் பதிவான சுமார் 1,21,000 ஆய்வுத் தலைப்புகளில் படைப்பாற்றலைப் பற்றியவை வெறும் 186 என்று சக உளவியலாளர்களைக் கடிந்துகொண்டார். அதன் பிறகுதான் துறை விழித்தது. அவர் வழிவந்த ஒரு சோதனை: ஒரு செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? சுவர் கட்டலாம், கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம், ஆளை அடிக்கலாம். இதுவரை எல்லோரும் ஒன்றுதான். நேரம் ஆக ஆக, பதில்களின் எண்ணிக்கை குறைகிறது, புதுமை கூடுகிறது. இது பல முறை சோதித்து உறுதியான முடிவு. வேடிக்கை என்னவென்றால், நமக்கு உள்ளே அப்படித் தோன்றுவதில்லை. 2020இல் லூக்காஸ், நார்ட்கிரென் இருவரும் வெளியிட்ட ஆய்வுகளில், நேரம் ஆக ஆகச் சரக்குத் தீர்ந்துபோகும் என்றே பங்கேற்றவர்கள் கணித்தார்கள். உண்மையில் தரம் குறையவில்லை, பல சமயம் ஏறியது. சலிப்பு வருவதை, சரக்குத் தீர்ந்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

இரவு படுத்த பிறகு தோன்றுவதற்கு வருகிறேன். இதற்கு எல்லோரும் சொல்லும் கதை பிரெஞ்சுக் கணிதமேதை ஆன்ரி புவான்காரேயுடையது. பதினைந்து நாள் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டினார். பின்னர் ஒரு சுற்றுப்பயணத்தில், கூத்தான்ஸ் என்ற ஊரில் வண்டியில் ஏறப் படியில் கால் வைத்த கணத்தில், அதன் தொடர்ச்சியான ஒரு முக்கிய விடை தெளிவாக வந்து நின்றது. கதையைச் சொல்பவர்கள் படிக்கட்டை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், பதினைந்து நாளை மறந்துவிடுகிறார்கள். புவான்காரே மறக்கவில்லை, முன்னால் அப்படி உழைக்காமல் இந்தத் திடீர் வெளிச்சம் வருவதில்லை என்று அவரே எழுதினார்.

2009இல் சியோ, ஆர்மரோட் இருவரும், வேலையை இடையில் நிறுத்திவிட்டு மறுபடி வருவது உதவுமா என்று சோதித்த 117 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உதவுகிறது. ஆனால் நிறுத்துவதற்கு முன் எவ்வளவு நேரம் முட்டி மோதினார்கள் என்பதைப் பொறுத்துப் பலன் கூடுகிறது. இடையில் செய்யும் வேலை லேசானதாக இருப்பதும் பல சமயம் உதவுகிறது. பாத்திரம் தேய்ப்பது, நடப்பது, குளிப்பது எல்லாம் சரி. ரீல்ஸ் தள்ளுவது அந்தப் பட்டியலில் வராது என்பது என் கருத்து. அது லேசான வேலை மாதிரித் தெரியும், கவனத்தை மொத்தமாக விழுங்கிவிடும்.

ஜான் கூனியோஸ், மார்க் பீமன் இருவரின் 2004 ஆய்வில், விடை ‘பளிச்’சென்று தோன்றுவதற்குச் சற்று முன், பார்வைக்கான மூளைப் பகுதியின் மேல் ஆல்ஃபா என்ற வகை மின்னலைகள் கூடுவது தெரிந்தது. வெளிக்காட்சி உள்ளே வருவதை மூளை ஒரு கணம் மட்டுப்படுத்துகிறது என்று அதைப் புரிந்துகொள்கிறார்கள். யோசிக்கும்போது நாம் மேலே விட்டத்தைப் பார்ப்பதும் கண்ணை மூடுவதும் சும்மா இல்லை போலிருக்கிறது. இருட்டில் படுத்திருக்கும்போது உங்களுக்குத் தோன்றுவதிலும் விசித்திரம் ஒன்றுமில்லை. பகலில் தாளின் முன் பட்ட பாடு அப்போது பலனளிக்கிறது. அந்த அரை மணி நேரம் வீண் என்று நினைத்திருப்பீர்கள்.

வலது மூளை, இடது மூளைக் கதையை விரைவாக முடித்துவிடலாம். ரோஜர் ஸ்பெர்ரி, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கட்டு துண்டிக்கப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 1981இல் நோபல் பரிசு பெற்றார். அங்கிருந்து கிளம்பியது, போகிற வழியில் சுயமுன்னேற்றக் கூட்டங்களில் ஊதிப் பெருத்துவிட்டது. 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தினர் 1,011 பேரின் மூளை ஸ்கேன்களைப் பார்த்தபோது, மொத்தத்தில் வலது மூளைக்காரர், இடது மூளைக்காரர் என்று ஆட்கள் பிரியவில்லை. மொழி போன்ற சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது உண்மை. கலை மொத்தமும் வலது பக்கத்தில் குடியிருப்பது உண்மை இல்லை.

உண்மையில் தெரியவந்திருப்பது இதைவிடச் சுவையானது. நாம் சும்மா இருந்து மனம் அலையும்போது வேலை செய்யும் ஒரு வலைப்பின்னல் மூளையில் உண்டு. கவனமாக ஒன்றைச் சரிபார்த்துத் திருத்தும்போது வேலை செய்யும் இன்னொன்றும் உண்டு. வழக்கமாக ஒன்று எழுந்தால் மற்றது அடங்கும். 2018இல் ரோஜர் பீட்டியும் மற்றவர்களும் 163 பேரை ஸ்கேனருக்குள் வைத்து, அன்றாடப் பொருட்களுக்குப் புதுப் பயன் யோசிக்கச் சொன்னார்கள். அசலான பதில் சொன்னவர்களிடம் இந்த இரண்டும், இவற்றுக்கிடையே மாற்றிவிடும் மூன்றாவது வலைப்பின்னலும் ஒன்றோடொன்று இறுக்கமாக இணைந்திருந்தன. அலைவதும் சரிபார்ப்பதும் சேர்ந்து நடக்க முடிவதுதான் அவர்களுடைய பலம்.

ஆனால் சரிபார்ப்பவர் எப்போது வாயைத் திறக்கிறார் என்பது முக்கியம். சார்ல்ஸ் லிம், ஆலன் பிரான் இருவரும் 2008இல் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, இரும்பில்லாமல் செய்த 35 கட்டைகள் கொண்ட சின்னக் கீபோர்டை மடியில் கொடுத்தார்கள். மனப்பாடமான மெட்டை வாசித்தபோது ஒரு மாதிரி, அங்கேயே கற்பனையாக வாசித்தபோது வேறு மாதிரி. கற்பனையில், தன்னைத்தானே கண்காணித்துத் திருத்துவதோடு தொடர்புள்ள முன்மூளைப் பக்கப் பகுதிகளின் செயல்பாடு குறைந்தது. சொந்த அனுபவம், சுய வெளிப்பாடு தொடர்பான நடுப்பகுதியில் கூடியது. ஆறு பேர்தான், அடக்கமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது கர்நாடக இசையின் மனோதர்மம், அதாவது மேடையிலேயே கற்பனை செய்து பாடுவது. கல்பனைஸ்வரம் பாடும் வித்வான், அடுத்த ஸ்வரம் சரியா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தால், பாட்டு தொடங்கும் தாள இடமான எடுப்புக்கு வந்து சேரவே முடியாது. ‘கண்காணிப்பை அணைத்துவிடு, கலை வழிந்தோடும்’ என்று இதைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த வித்வான் சரளிவரிசை, ஜண்டைவரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று சின்ன வயதிலிருந்து பல ஆண்டு கண்காணிப்பிலேயே வளர்ந்தவர். ராகத்தின் எல்லை அவர் தொண்டைக்கே தெரியும். அதனால் மேடையில் காவலுக்கு ஆள் தேவைப்படுவதில்லை. மூன்று மாதம் படித்தவர் காவலை விலக்கினால் வருவது மனோதர்மம் இல்லை, அபஸ்வரம். நிரவலும் அப்படியே. ஒரே சாகித்ய வரி, சொற்கள் தாளத்தில் அதே இடத்தில் விழ வேண்டும், அதற்குள் எத்தனை விதம். மேலே கட்டுப்பாட்டைப் பற்றிச் சொன்னதற்கும் இது உதாரணம்.

உங்கள் வெள்ளைத் தாளுக்கு என் நோயறிதல் இதுதான், நேரில் பார்க்காமல் சொல்கிறேன். உங்களிடம் யோசனை இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றும் தலைக்குள்ளேயே பிறந்து, தலைக்குள்ளேயே விசாரிக்கப்பட்டு, ‘இது சரியில்லை’ என்று அங்கேயே தள்ளுபடி ஆகிறது. பிக்காசோ முஷ்டியைத் தள்ளுபடி செய்தார். ஆனால் ஏறக்குறைய எட்டு மீட்டர்த் திரைச்சீலையில் வரைந்த பிறகு செய்தார். வரைந்ததால்தான் அதன் இடத்தில் என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. தலைக்குள் நடக்கும் தள்ளுபடி எதையும் கற்றுத் தருவதில்லை.

மதிப்பெண் பயமும் இதில் சேர்ந்திருக்கும். 1973இல் ஸ்டான்ஃபோர்டு வளாகத்து மழலையர் பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் வரையப் பிடித்த 51 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வரைந்து முடித்த பின் எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் தானாக எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று பார்த்தால், முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட குழு மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தது. எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. பரிசில் விஷம் இல்லை. பரிசுக்காக என்று மனத்தில் பதிவதில்தான் இருக்கிறது.

பெரியவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1985இல் டெரெசா அமபிலே, எழுத்தில் ஊறிய 72 பேரை அழைத்தார். ஒரு பகுதியினரிடம் பணம், புகழ், வேலை போன்ற காரணங்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, எழுதுவதற்கான காரணங்களை வரிசைப்படுத்தச் சொன்னார். சில நிமிட வேலைதான். அதன் பிறகு அவர்கள் எழுதிய குறுங்கவிதைகளுக்கு, யார் எதைப் படித்தார்கள் என்று தெரியாத கவிஞர்கள் கொடுத்த மதிப்பு குறைந்திருந்தது. பள்ளிக்குப் பள்ளி நடக்கும் ஓவியப் போட்டிகளை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கலக்கமாகவே இருக்கும். இரண்டு மலைக்கு நடுவே சூரியன் வரைந்த பிள்ளைக்கு முதல் பரிசு கொடுத்து, அடுத்த ஆண்டும் அதையே வரைய அனுப்பிவைக்கிறோம்.

பிறவியா என்ற கேள்விக்கு: மரபின் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆளுமை ஆய்வுகளில் படைப்பாற்றலோடு விடாமல் சேர்ந்து வருவது, புது அனுபவங்களுக்கு மனத்தைத் திறந்து வைக்கும் குணம். அதில் பிறப்புக்கும் பங்குண்டு. ஆனால் இரண்டாம் ஆண்டு மாணவிக்கு அந்தக் கேள்வியால் பயன் ஏதுமில்லை. எண்ணிக்கையைப் பேசுவது பயனுள்ளது. சைமன்டன் பல துறை மேதைகளின் வாழ்நாள் படைப்புகளை அடுக்கிப் பார்த்தபோது, அவர்களுடைய தலைசிறந்த வேலை, அவர்கள் அதிகமாக வேலை செய்த காலத்திலேயே வந்தது. அதே காலத்தில்தான் குப்பையும் அதிகம்.

அதனால் நான் சொல்வது: அடுத்த முறை தலைப்பு வந்ததும் தாளை எட்டாக மடியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வரைவு, கட்டைவிரல் அளவு, ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் நான்கும் மற்ற எல்லோரும் வரையப்போவதுதான், வந்து தொலையட்டும். ஐந்தாவதிலிருந்து ஒரு தடை போட்டுக்கொள்ளுங்கள்: மனித உருவம் கூடாது, அல்லது மேலிருந்து பார்க்கும் கோணம் மட்டும், அல்லது தலைப்பில் உள்ள பொருளே படத்தில் இருக்கக் கூடாது. எட்டும் முடியும்வரை எதையும் நல்லது கெட்டது என்று பேசாதீர்கள். பிறகு பேசலாம், கடுமையாகவே பேசலாம். நேரம் இருந்தால் அன்று முடிக்காமல் தூங்கிவிட்டு மறுநாள் பாருங்கள். தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். செல்போனில் குறித்துக்கொள்ள எடுத்தால் அரை மணி நேரம் வேறெங்கோ போய்விடுவீர்கள். ஆசிரியர் இசைந்தால், இறுதிப் படத்தோடு வரைவுகளையும் சேர்த்துக் கொடுங்கள். கலைத்ததையும் பார்க்கிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

மனநோய்ப் பேச்சு கடைசியாக. ஸ்வீடனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவேடுகளை வைத்து 2013இல் வந்த ஆய்வில், கலை, அறிவியல் துறைகளில் இருப்பவர்களுக்கு மனநோய் பொதுவாக அதிகம் என்று தெரியவில்லை. மனநிலை மிக உயர்ந்தும் மிகத் தாழ்ந்தும் மாறும் இருதுருவக் கோளாறு மட்டும் விலக்கு. எழுத்தாளர்களிடம் சில நோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன. சில மனநோய்கள் உள்ளவர்களின் நெருங்கிய உறவினர்கள் இந்தத் துறைகளில் கூடுதலாக இருந்தார்கள். ஆக, ஏதோ தொடர்பு இருக்கிறது, ‘பைத்தியம் பிடித்தால்தான் கலை’ என்பது இல்லை. வான்கோவைக் காட்டுவார்கள், நோயின் கடுமையான தாக்குதல் வந்த நாட்களில் அவரால் பெரும்பாலும் வேலை செய்ய முடியவில்லை, ஸான்-ரெமி மருத்துவமனையில் அவர் வரைந்தது பெரும்பாலும் மனம் தெளிந்திருந்த இடைவெளிகளில்தான். எனவே வேதனையைக் கலைக்கான மூலதனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாள் மட்டும் வெள்ளையாக இருந்தால் மேலே சொன்னது போதும். வாரக்கணக்காகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை என்றால், அதற்கு எட்டு வரைவு உதவாது. கல்லூரியின் மனநல ஆலோசகரையோ ஒரு மருத்துவரையோ போய்ப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.